149 ரூபாய் டெஸ்ட், 2,499 ரூபாய் பில்

கேள்வி: கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகள் ஆன்லைனில் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தாள். ரிசல்ட் பார்க்க 149 ரூபாய் கேட்டது. என் கார்டில் கட்டினேன். எட்டாம் நாள் 2,499 ரூபாய் போய்விட்டது. ஆப்பை அழித்துவிட்டேன். இனிமேல் பணம் போகாதே? போனது கிடைக்குமா? அந்த ரிப்போர்ட்டை நம்பி பி.காமிலிருந்து சைக்காலஜிக்கு மாறுகிறேன் என்கிறாள். மாறலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போகும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. நீங்கள் கட்டிய 149 ரூபாய் ரிசல்ட்டுக்கான விலை இல்லை, ஏழு நாள் ‘ட்ரயல்’ கட்டணம். பட்டனுக்குக் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அது இருந்திருக்கும். அறுபது கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தவர் வெறுங்கையோடு எழுந்து போக மாட்டார் என்பதால்தான் விலையைக் கடைசியில் காட்டுகிறார்கள்.

இன்றைக்கே சந்தாவை வெட்டுங்கள். ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால், அங்கே உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ உள்ளே போய் கேன்சல் செய்யலாம். நேராக வெப்சைட்டில் கட்டியிருந்தால் மகள் கொடுத்த மெயில் ஐடியில் ரசீதைத் தேடுங்கள், ஸ்பேமிலும் பாருங்கள். அதே ஐடியில் அந்த வெப்சைட்டில் லாகின் செய்து கேன்சல் செய்யுங்கள். அந்த ஐடியில் ஓர் எழுத்து தப்பாக அடித்திருந்தால் லாகினே ஆகாது. அப்போது பணம் போன தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண் மட்டும் குறிப்பிட்டு அந்த நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். முழு எண்ணை யார் கேட்டாலும் தராதீர்கள். கேன்சல் ஆன பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து வங்கி. இந்திய கார்டில் ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காது. ஆனால் 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பழைய எஸ்.எம்.எஸ்.களைப் புரட்டிப் பாருங்கள், அதிலேயே நிறுத்தும் வழியும் இருக்கும். ஸ்டேட்மென்டில் தொகை டாலரிலோ யூரோவிலோ இருந்தால், வங்கி ஆப்பில் ‘இன்டர்நேஷனல்’ உபயோகத்தை ஆஃப் செய்துவிடுங்கள். (யு.பி.ஐ.யில் கட்டியவர்கள் அந்த ஆப்பிலேயே ‘ஆட்டோபே’ பக்கத்தில் ரத்து செய்யலாம்.)

பணம் திரும்புவது உறுதியில்லை. முதலில் நிறுவனத்திடம் ரீஃபண்ட் கேளுங்கள், மறுத்தால் அந்தப் பதிலோடு வங்கியில் ‘டிஸ்ப்யூட்’ (அந்தப் பற்றை எதிர்த்துப் புகார்) போடுங்கள். “எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள்” என்று எழுதினால் எடுபடாது. முதல் தொகைக்கு ஓ.டி.பி. போட்டது நீங்கள்தான் என்று காட்டிவிடுவார்கள். “மாதச் சந்தா என்று தெளிவாகச் சொல்லவில்லை” என்று எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தை இணையுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். 2023-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ‘சந்தாப் பொறி’யும் ஒன்று. வெளிநாட்டு நிறுவனம் என்றால் வங்கி வழிதான் கொஞ்சமாவது பலன் தரும்.

ரிப்போர்ட்டுக்காகப் படிப்பை மாற்ற வேண்டாம். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு டெஸ்ட் வைத்து, எல்லோருக்கும் ஒரே பலனைத் தனித்தனியாகக் கொடுத்தார். “எனக்கு அப்படியே பொருந்துகிறது” என்று ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். மகளின் ரிப்போர்ட்டில் பெயரை மறைத்துவிட்டு அவள் தோழிகள் மூவரிடம் படிக்கக் கொடுத்து, தங்களுக்கும் பொருந்துகிறதா என்று கேளுங்கள்.

டெஸ்ட் எடுத்தே தீர வேண்டும் என்றால் ஐ.பி.ஐ.பி.-நியோ என்ற ஆளுமை டெஸ்டின் 120 கேள்வி வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. கார்டு எண் கேட்காது. சைக்காலஜி பிடிக்குமா என்று பார்க்க, அந்தத் துறையின் முதல் செமஸ்டர் பாடப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து இரண்டு பாடம் படிக்கச் சொல்லுங்கள். புள்ளியியலும் அந்தப் படிப்பில் வரும்.