இரவில் வந்து தானாகப் போன அடிவயிற்று வலி

கேள்வி: எனக்கு 12, 9, 6, 3 வயதுகளில் நான்கு மகன்கள். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் மூத்தவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான். இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். சூட்டு வலி என்று என் மாமியார் அவன் கால் பெருவிரலில் எண்ணெய் வைத்தார். நான் பாரசிட்டமாலும், மூன்றாமவனின் தொண்டை வலிக்கு வாங்கி மீதமிருந்த ஆன்டிபயாடிக்கும் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வலி நின்றுவிட்டது. முந்தின நாள் விளையாட்டில் தம்பியின் உதை விதைப்பையில் பட்டதாகவும், இதேபோல் முன்பும் ஒருமுறை வலித்ததாகவும் அவன் இப்போதுதான் சொல்கிறான். இணையத்தில் தேடினால், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று இருக்கிறது, தூக்கமே வரவில்லை. இரண்டாமவனுக்கு இரவில் கால் வலி, மூன்றாமவன் படுக்கையை நனைக்கிறான், கடைக்குட்டிக்கு முன்தோல் பின்னால் வரவில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: மூத்த மகனை இந்த வாரத்துக்குள் ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடமோ, சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அவன் இப்போது ஓடியாடிக்கொண்டிருக்கிறான், பள்ளிக்குப் போகிறான், வலியே இல்லை என்பதெல்லாம் இதைத் தள்ளிப்போடக் காரணமாகாது. அந்த நாள் வருவதற்குள் அதே வலி மீண்டும் வந்தால், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல், அறுவை அரங்கு உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கிளம்பிவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் மருத்துவர் அவசரப்பட வேண்டிய செய்தி இது ஒன்றுதான்.

நேரில் பார்க்காமல் எந்த நோயையும் உறுதிசெய்ய முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பதைப் படிக்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்ற வேண்டிய சந்தேகம் விதை முறுக்கு, அதாவது டெஸ்டிகுலர் டார்ஷன். ஒவ்வொரு விதையும் இரத்தக் குழாய்கள் அடங்கிய ஒரு தண்டிலிருந்து பைக்குள் தொங்குகிறது. பெரும்பாலான ஆண்களுக்கு விதையின் பின்புறம் பையின் சுவரோடு ஒட்டியிருப்பதால் அது சுழல இடமில்லை. சிலருக்கு மட்டும் பிறவியிலேயே அந்தப் பிடிப்பு இல்லாமல், மணியின் நாக்கைப்போல் விதை தனித்து ஆடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட விதை தன் தண்டின்மேல் சுழன்றுகொள்ளும்போது குழாய்கள் நெரிபட்டு இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. பச்சிளங்குழந்தைகளுக்கும் இது வரலாம், ஆனால் 12 வயதிலிருந்து 18 வயதுவரைதான் மிகுதியாக வருகிறது. பருவம் தொடங்கும் அந்த ஆண்டுகளில் விதை வேகமாக வளர்ந்து கனம் கூடுவது ஒரு காரணம். உங்கள் மூத்தவன் அந்த வயதின் வாசலில் நிற்கிறான். உறக்கத்தின் நடுவே, விடியற்காலையில், முன்னறிவிப்பின்றித் திடீரென்று வலி எழுப்பிவிடுவதும், கூடவே வாந்தி வருவதும் இந்த நோய்க்கு மிகவும் பொருந்திவரும் அடையாளங்கள்.

இதில் காலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் முறுக்கை விடுவித்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கின்றன. 12 மணி நேரம் ஆகிவிட்டால் ஏறக்குறையப் பாதிதான் தேறுகின்றன. ஒரு முழு நாள் கடந்துவிட்டால் பத்தில் ஒன்றைக் காப்பாற்றுவதே அரிது, இறந்துபோன விதையை அகற்ற வேண்டியதாகிவிடும். உங்கள் மகனுக்கு இரண்டு முறையும் முறுக்கு ஏற்பட்டுத் தானாகவே அவிழ்ந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. அவ்வாறு வந்து போகும் வலியை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவிழாமல் இறுகிப்போகும் ஒரு முறுக்குக்கு முன்னால் பல பையன்களுக்கு இப்படிப்பட்ட சிறிய வலிகள் வந்து போயிருப்பதை, பின்னர் விசாரிக்கும்போதுதான் நாங்கள் அறிகிறோம்.

பையன்கள் நிறைந்த வீட்டில் இந்த நோய் நழுவிப்போவதற்குத் தனிக் காரணமே உண்டு. அங்கே எந்த வலிக்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: தம்பி உதைத்தான், அண்ணன் தள்ளினான், பந்து பட்டது, கட்டிலிலிருந்து குதித்தான். நால்வரும் நாளெல்லாம் உருண்டு புரண்டு விளையாடுகிறவர்கள் என்பதால், வலி வருவதற்கு முந்தின நாள் ஏதாவது ஓர் அடி பட்டிருக்கத்தான் செய்யும். அந்த அடியைக் கண்டுபிடித்தவுடன் எல்லோருடைய மனமும் சமாதானமாகிவிடுகிறது. அடிபட்ட வலி அடிபட்ட அந்த நொடியில் உச்சத்தில் இருந்து, பிறகு படிப்படியாகக் குறைய வேண்டும். மாலையில் உதை பட்டவன் இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, விடியற்காலையில் துடித்து எழுகிறான் என்றால் அந்த உதையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடிபட்டே வலி தொடங்கியிருந்தாலும்கூட, ஒரு மணி நேரத்துக்கு மேல் அது நீடித்தாலோ, பை வீங்கினாலோ, வாந்தி வந்தாலோ மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆகவே உதைத்த தம்பியிடம், உன்னால்தான் அண்ணனுக்கு இப்படி ஆயிற்று என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு காரணம் கூச்சம். பத்து வயதைத் தாண்டிய பையன் தானாகக் குளிக்கிறான், கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுகிறான்; விதைப்பை வலிக்கிறது என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்ல அவனுக்கு நா எழாது. அதனால் வயிறு வலிக்கிறது என்கிறான். சிலருக்கு உண்மையாகவே வலி அடிவயிற்றில்தான் தெரியும், ஏனென்றால் கரு வளர்ச்சியில் விதை வயிற்றுக்குள் தோன்றிப் பிறகு கீழே இறங்குவது; அதன் நரம்புத் தொடர்பு மேலேதான் இருக்கிறது. வயிற்று வலி என்று வரும் பையனின் உள்ளாடையைக் கழற்றிப் பார்க்காமல் எந்த மருத்துவரும் அனுப்பிவிடக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான்: அடிவயிற்று வலி என்று ஒரு மகன் சொன்னால், கீழேயும் வலிக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், உங்களிடம் சொல்லத் தயங்கினால் அவன் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

மாமியார் வைத்த எண்ணெயால் தீங்கு ஒன்றும் இல்லை. அந்த எண்ணெய் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் தீங்கு. சூட்டு வலி என்ற பெயரைச் சூட்டிவிட்டால் அடுத்த முறையும் அதே எண்ணெயோடும் இளநீரோடும் விடியும்வரை காத்திருப்பீர்கள். ஆன்டிபயாடிக் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஆறு வயதுக் குழந்தையின் தொண்டைக்கு, அவன் எடைக்குக் கணக்கிட்டு எழுதிக்கொடுத்த மருந்தின் மிச்சத்தை, பன்னிரண்டு வயதுப் பையனின் வயிற்று வலிக்கு எந்த நியாயத்தில் கொடுத்தீர்கள்? முதலில், அந்த மருந்து மீதமானதே தவறு. எழுதிக்கொடுத்த நாள்கள் முழுவதும் அது மூன்றாமவனின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். எந்த ஆன்டிபயாடிக்கும் ஒரு மணி நேரத்தில் இப்படி ஒரு வலியை நிறுத்தாது. ஆனால் நிறுத்தியது அதுதான் என்ற நம்பிக்கை வீட்டில் ஊன்றிவிடும். மறுமுறை முறுக்கு அவிழாமல் நிற்கும்போது இரண்டு வேளை மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றும், அந்த இரண்டு வேளைக்குள் விதை போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் மீதமிருக்கும் எல்லாச் சிரப் புட்டிகளையும் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

அதேபோல், சுழன்ற விதையைக் கையால் திருப்பிச் சரிசெய்வது எப்படி என்று காட்டும் காணொளிகளைப் பார்த்து வீட்டில் எவரும் முயலக் கூடாது. எந்தப் பக்கம் எத்தனை சுற்று சுழன்றிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது, தவறான பக்கம் திருப்பினால் முறுக்கு இன்னும் இறுகும். கைதேர்ந்த மருத்துவர் திருப்பிவிட்டாலும், அதன் பிறகு அறுவை சிகிச்சை தேவைதான்.

நிபுணர் உங்கள் மகனை நிற்க வைத்துப் பார்ப்பார். விதை குறுக்கு வாட்டமாகக் கிடக்கிறதா, ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கிறதா என்று கவனிப்பார். டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். வலி இல்லாத நாளில் எடுக்கும் ஸ்கேனில் இரத்த ஓட்டம் இயல்பாகத்தான் தெரியும். ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்ற தாளோடு நீங்களாகவே திரும்பிவிடாமல், இரண்டு வலிகளும் எந்த நேரத்தில் வந்தன, எவ்வளவு நேரம் இருந்தன, வாந்தி வந்ததா என்பதை மகன் வாயாலேயே அவரிடம் சொல்ல வையுங்கள். இந்த நோயில் அந்த விவரத்துக்கு ஸ்கேனை விட மதிப்பு அதிகம். வேறு காரணம் எதுவும் தென்படாமல், விட்டுவிட்டு முறுக்கேறும் விதைதான் என்று அவர் முடிவுசெய்தால், இரண்டு விதைகளையும் பையின் சுவரோடு தையலிட்டு நிலைநிறுத்திவிடுவார். பிடிப்பில்லாத அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் வலிக்காத பக்கத்தையும் விடுவதில்லை. சிறிய அறுவை சிகிச்சைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இதைச் செய்துகொள்ளலாம். சில வாரங்களுக்குக் கிரிக்கெட்டும் சைக்கிளும் கூடாது, அவ்வளவே.

உங்களை உறங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். ஒரு மணி நேரத்தில் தானாக நின்றுபோன வலியால் விதை அழிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவன் நல்ல நேரத்தில்தான் இருக்கிறான். ஒரு விதையை இழக்க நேர்ந்தவர்களுக்குக்கூட மற்றொன்று நன்றாக இருந்தால் பருவ மாற்றங்கள் முறையாக வருகின்றன, அவர்களில் பெரும்பாலோர் தந்தையாகிறார்கள். விளையாட்டில் பட்ட ஓர் உதையால் குழந்தைப்பேறு போய்விடும், இறுக்கமான உள்ளாடையால் போய்விடும், சைக்கிள் ஓட்டினால் போய்விடும் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தாயை அச்சுறுத்தும் இணையப் பக்கங்கள், கண்டுகொள்ள வேண்டிய நோயின் பெயரை உங்களுக்குச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றைப் படிப்பதை நிறுத்திவிடுங்கள்.

மற்ற மூவருக்காகவும் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. இரண்டாமவனின் வலி இரண்டு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வந்து, காலையில் அவன் வழக்கம்போல் ஓடுகிறான் என்றால் அது வளரும் வயதின் வலி, பிடித்துவிட்டாலே போதும். ஒரே காலில் திரும்பத் திரும்ப வலித்தாலோ, நொண்டினாலோ, காய்ச்சலோ வீக்கமோ இருந்தாலோ மட்டும் காட்டுங்கள். ஆறு வயதில் படுக்கையை நனைப்பது நோயே இல்லை. ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேர்வரை நனைக்கிறார்கள், அவர்களில் ஆண் பிள்ளைகளே அதிகம். அண்ணன்கள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாதங்கள் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று தொடங்கினால், அதிலும் தாகம் கூடி உடல் மெலிந்தால், அன்றே சர்க்கரைப் பரிசோதனை தேவை. மூன்று வயதில் முன்தோல் ஒட்டியிருப்பது இயற்கை, அது தானாகப் பிரியப் பல ஆண்டுகள் ஆகலாம். எண்ணெய் போட்டுத் தினமும் இழுத்துவிடுவதுதான் கெடுதல். அப்படி இழுத்தால் தோல் கிழிந்து தழும்பாகி, இல்லாத நோயை உண்டாக்கிவிடும். சிறுநீர் நூல்போல் வந்தாலோ, கழிக்கும்போது அழுதாலோ அதே நிபுணரிடம் சொல்லலாம். அவனை வெந்நீரில் குளிப்பாட்டும்போது விதைகள் இரண்டும் பைக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எப்போதுமே காலியாக இருந்தால் அதையும் காட்ட வேண்டும், ஏனென்றால் இறங்காத விதையை 18 மாத வயதுக்குள் சரிசெய்துவிடுவதே முறை.

விதை முறுக்கு சில குடும்பங்களில் சகோதரர்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதுண்டு. ஆதலால் மூத்தவனோடு இரண்டாமவனையும் உட்கார வைத்து அவர்கள் அப்பா பேச வேண்டும். மற்ற இருவருக்கும் வயது வரும்போது அதே பேச்சு. நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை: அந்த இடத்தில் வலி வந்தால் எந்த நேரமானாலும் எங்களை எழுப்பு, பள்ளியில் வந்தால் ஆசிரியரிடம் சொல்லி எங்களுக்குத் தொலைபேசியில் பேசச் சொல், யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்.

வலி மீண்டும் வந்துவிட்டால், வாகனம் இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வழியில் தண்ணீர், தேநீர், பால் எதுவும் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடு சென்றால் மயக்க மருந்து கொடுப்பது எளிதாகும். அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததும் வயிற்று வலி என்று சொல்லி வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். 'விதைப்பையில் திடீர் வலி, இத்தனை மணிக்குத் தொடங்கியது, முன்பும் இரண்டு முறை வந்திருக்கிறது, முறுக்காக இருக்குமோ என்று பார்க்க வேண்டும்' என்று, அங்கே முதலில் எதிர்ப்படும் மருத்துவரிடம் உரக்கவே சொல்லுங்கள்.