ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் வெடிச் சத்தம்

உங்கள் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி (MGB) வேகமெடுக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் இப்போதே கை வைக்காதீர்கள். முதலில் எக்ஸாஸ்ட் கசிவைப் பாருங்கள். மேனிஃபோல்டும் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் பகுதி) எக்ஸாஸ்ட் குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தகடு) போயிருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாத பெட்ரோல் குழாயிலேயே பற்றிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அந்த இணைப்பில் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா, சுற்றிலும் கரி படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

அங்கே ஒன்றுமில்லையா? சரி, அப்புறம் உங்கள் காரில் இருக்கும் எஸ்யூ (SU) வகை கார்புரேட்டர். சூடான எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் மெல்லத் தூக்குங்கள். எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் போதாத கலவையும் இப்படி சைலன்சரில் வெடிக்கும்.