ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவை என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாமல், வயிறு உப்பி, ரத்தம் குறைந்து கிடந்தான். மதுரையில் பரிசோதித்து சீலியாக் என்றார்கள், கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோயாம். மூன்று மாதமாகக் கோதுமை, மைதா கொடுப்பதில்லை. ஆனால் பள்ளியில் கூட்டாளியிடம் கிரீம் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு, இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். ஞாயிறு ராத்திரி அவன் அப்பா பரோட்டா வாங்கி வந்தால் இவன் தன் தோசையைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொள்கிறான். அப்பத்தாவோ, "ஒரு வாய் தின்னா என்ன ஆயிரும்" என்கிறார். இவனை எப்படித் திருத்துவது?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் முதலில் பேச விரும்புவது உங்கள் வீட்டுக்காரரிடம். பொட்டலத்தைப் பிரித்து, சால்னா வாசம் வீடு முழுக்க அடிக்க, எல்லாரும் பிய்த்துப் போட்டுத் தின்னும்போது ஒரு சின்னப் பையன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சமர்த்தாகத் தோசை தின்ன வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? அவருக்குப் பரோட்டா வேண்டுமென்றால் கடையிலேயே தின்றுவிட்டு வரட்டும். மதுரைப் பக்கத்தில் அதற்கா பஞ்சம்! வீட்டுக்குள் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு விருந்து வையுங்கள், எல்லாருக்கும் ஒரே விருந்தாக. கறிதோசை நம்ம ஊர்ச் சமாச்சாரம்தானே, தடியாக ஊற்றி முட்டையும் கொத்துக்கறியும் பரப்பி வீட்டிலேயே சுட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் இடியாப்பத்தைக் கொத்திப் போடுங்கள். கடைக் கறிதோசை மட்டும் கூடாது. பரோட்டா போட்ட அதே கல்லில்தான் அதையும் ஊற்றுவார்கள்.

அப்பத்தாவுக்கும் பதில் சொல்லிவிடலாம். ஒரு வாய் தின்றால் வெளியே ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம். ஆனால் கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால், அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது, சத்தை உறிஞ்சுகிற இடமே தேய்ந்துபோகிறது, ரத்தசோகையெல்லாம் அதனால் வருவதுதான். வயிறு வலிக்கவில்லை என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது. பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட நம் நாட்டுச் சட்டம் விட்டிருக்கும் அளவே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான், ஒரு வாய் பரோட்டா அதை எங்கேயோ தாண்டிவிடும். பேரன் மெலிந்திருக்கிறானே என்று அவர் ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அது கோதுமையும் பார்லியும்தான். ஆனால் விடாமல் ஒதுக்கி வைத்தால் குடல் தேறும், பிள்ளைகளுக்குச் சீக்கிரமே தேறும். இதையும் அவரிடம் சொல்லுங்கள், அப்பத்தாக்களுக்கு இந்தப் பாதிதான் மனதில் நிற்கும்.

நாம் சோறு தின்கிற ஜனம் என்பதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். இட்லி, ஆப்பம், பொங்கல், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, அதிரசம், பருத்திப்பால் எதுவும் அவனுக்கு விலக்கில்லை. மாட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், அரிசி மாவு போட்டதும் கிடைக்கிறது. மாவு மில்லில் கோதுமை அரைத்த மெஷினிலேயே உங்கள் அரிசியையும் கேழ்வரகையும் கொட்டினால் இத்தனை நாள் பட்ட பாடு வீண், தனி மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வீட்டு மிக்சியே போதும்.

அரசுப் பள்ளி என்றால் இன்னொன்று. 2022-ல் மதுரையில்தான் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல திட்டம், ஆனால் அதில் ரவையும் சேமியாவும் அடிக்கடி வரும். டாக்டர் சீட்டின் நகலோடு டீச்சரை நேரில் போய்ப் பாருங்கள். இது தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தே உட்காரலாம், அவன் தட்டில் மட்டும் அது விழக்கூடாது என்று சொல்லுங்கள். பாவம் பார்த்துத் தனியாக உட்கார வைத்துவிடப் போகிறார்கள்.

சரி, பிஸ்கட். கண்டிக்காதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த தடவை இன்னும் கெட்டியாக ஒளிப்பான், தெரியாமல் தின்பதுதான் நமக்கு ஆபத்து. "தின்னுட்டேன்னா வந்து சொல்லு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி திட்டாமலும் இருங்கள். அப்புறம், பையில் கடலை மிட்டாய் நாலைந்து கூடுதலாகப் போட்டு விடுங்கள், அவனும் கூட்டாளிக்குக் கொடுக்கட்டும். வாங்கித் தின்கிறவனாகவே இருப்பது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது.

இவனுக்குத் தம்பி தங்கை, அண்ணன் அக்கா யாராவது இருந்தால் அவர்களுக்கும், உங்கள் இருவருக்கும்கூட, அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள், இது குடும்பத்தில் ஓடுகிற நோய். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிட்டால் இருப்பதும் இல்லாதது போல் காட்டும். அதனால் முதலில் ரத்தம் கொடுங்கள், டாக்டர் பார்த்து முடித்துவிட்டேன் என்று சொல்லட்டும், அதற்கடுத்த ஞாயிறு பரோட்டாவை நிறுத்திக்கொள்ளலாம்.