காய்ச்சலுக்குப் பின் கொத்தாகக் கொட்டும் முடி

கேள்வி: வயது 23. மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்து தேறினேன். இப்போது தலை குளித்தால் கை நிறைய முடி வருகிறது. பொடுகும் அரிப்பும் உண்டு. முடி சிகிச்சை மையம் ஒன்றில் கேமராவில் பார்த்துவிட்டு, உடனே பிஆர்பி ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடுவது) போடாவிட்டால் வழுக்கைதான் என்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட் என்று உடம்பு எதில் அடிபட்டாலும், வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பங்கு வளர்வதை நிறுத்திவிடும். அது உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். வேர் சாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கும். அடர்த்தி திரும்ப இன்னும் சில மாதம் ஆகும். தானாக முளைக்கப்போகும் முடிக்கு ஊசி போட்டு, முளைத்ததும் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். கேமராவில் பெரிதாக்கினால் நல்ல தலையும் பயமுறுத்தும். வெள்ளைக் கோட்டுக்காரரிடம், "நீங்கள் தோல் மருத்துவரா?" என்று நேராகக் கேளுங்கள். "இன்றே கட்டினால் தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பொடுகுக்கு 2% கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இருமுறை, நான்கு வாரம். நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். அதுவரை எண்ணெய் வேண்டாம். பொடுகுப் பூஞ்சை எண்ணெய்ப்பசையில்தான் வளர்கிறது.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு பரிசோதனைகள் போதும். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு முடிவைப் பொய்யாக்கும். இதைச் சொல்லாமலே ரத்தம் எடுக்கிறார்கள், அப்புறம் இல்லாத தைராய்டு நோய்க்கு வைத்தியம் தொடங்குகிறது!

"பொறுத்திருங்கள்" என்பது ஒரு சாராருக்குப் பொருந்தாது. முடி கொத்தாகக் கொட்டாமல், வகிடு மட்டும் மாதக்கணக்கில் அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு பிரச்சினை. முன்பு எடுத்த போட்டோவோடு வகிட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே மாதவிடாய் தள்ளிப்போகிறதா, தாடையில் முடி முளைக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் ஹார்மோனைப் பார்க்க வேண்டும், காத்திருந்தால் இழப்புதான். முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்து தேவைப்படலாம். முதல் சில வாரம் அதிலும் கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அது வேண்டாம்.

முடி என்றதுமே மாதவிடாய் பற்றிக்கூடக் கேட்காமல் ஷாம்பு எழுதித் தருகிற மருத்துவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால் காய்ச்சல் வந்த தேதி, கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் தாளில் எழுதி, உட்கார்ந்ததும் மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.