‘மீட்டிங் பேக்’ வாங்கினால்தான் வகுப்பு தடைப்படாதா?

கேள்வி: வீட்டிலிருந்தபடி இணையவழியில் கணிதம் கற்பிக்கிறேன். மாலை வகுப்புகளில் நான் பயன்படுத்தும் காணொலிச் செயலி மட்டும் திணறுகிறது. அதே நேரத்தில், இணைப்பு தரும் நிறுவனத்தின் சொந்தப் படச் செயலி தடங்கலின்றி ஓடுகிறது. புகார் செய்தால், மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டி ‘மீட்டிங் பேக்’ வாங்கச் சொல்கிறார்கள். எல்லாச் செயலிகளையும் தளங்களையும் இணைப்பு நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற இணைய நடுநிலை விதிகளையே அமெரிக்காவில் ரத்து செய்துவிட்டார்களாமே, இனி நான் எதுவும் செய்ய முடியாதா?

பதில்: அமெரிக்கச் செய்தி உண்மைதான். 2015இல் அங்கே வந்த விதிகள் 2017இல் நீக்கப்பட்டு, 2024இல் மீண்டும் வந்து, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தன. ஆட்சிக்கு ஆட்சி மாறும் அந்த இழுபறிக்கும் உங்கள் புகாருக்கும் தொடர்பில்லை. உங்களைக் காப்பவை இந்திய விதிகள்.

அவை இரண்டு. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா கட்டணத்தை மாற்றக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று விதி செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். வேகத்தில் பாரபட்சம் காட்டுவதை, 2018இல் சேவை உரிமங்களிலேயே சேர்க்கப்பட்ட நிபந்தனை தடுக்கிறது. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, உரிம நிபந்தனைதான். பெரிய இணைய நிறுவனங்களிடம் வலையமைப்புச் செலவில் பங்கு கேட்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. ஆனாலும் இன்று அவர்களைக் கட்டுப்படுத்துகிறது.

குறிப்பிட்ட செயலிக்குத் தனிக் கட்டணம் என்பது, நீங்கள் சொல்வதுபோலவே இருந்தால், முதல் விதியில் நேராகச் சிக்கும். வேகக் குறைவை நிரூபிப்பதுதான் கடினம். நெரிசலைச் சமாளிக்க நியாயமான மேலாண்மை செய்யலாம் என்று உரிமமே இடம் தருகிறது. நிறுவனம் அதன் பின்னால்தான் ஒளியும். அதன் படச் செயலி பொது இணையத்தைத் தொடாமல், நிறுவனத்தின் சொந்த மூடிய வலையமைப்புக்குள்ளேயே ஓடினால், அதற்கும் விலக்கு கோரும்.

எனவே ஒரு வாரம் குறிப்பெடுங்கள். வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்து, ஒரே நேரத்தில் உங்கள் செயலி, வேறொரு காணொலிச் செயலி, பொதுவான வேகச் சோதனை மூன்றையும் பாருங்கள். எந்தச் செயலி ஓடுகிறது என்பதை நிறுவனத்திடமிருந்து மறைக்கும் வி.பி.என். வழியாக வகுப்பு சீராக நடந்தால் சந்தேகம் வலுக்கும். அது மட்டும் முடிவான சான்றாகாது, ஏனெனில் பாதை மாறியதாலும் வேகம் கூடியிருக்கலாம். இதைவிட வலுவான சான்று, ‘மீட்டிங் பேக்’ பற்றி அவர்கள் எழுத்தில் தரும் பதில். தொலைபேசியில் பேசுவதை நிறுத்தி, மின்னஞ்சலில் கேளுங்கள்.

அடுத்து, நிறுவனத்திடம் புகார் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போங்கள். அது 39 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர். மேல்முறையீட்டிலும் தீர்வு கிடைக்காவிட்டால், அடுத்த இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே வராது என்ற பழைய வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நிராகரித்துவிட்டது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம்; நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

ஒரு கண்ணி இருக்கிறது. ‘இவர் வணிக நோக்கில் இணைப்பு வாங்கினார், நுகர்வோரே அல்ல’ என்பார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சம்பளத்துக்கு ஆசிரியர்களை அமர்த்தியிருந்தால் இந்த வாதம் தளர்ந்துவிடும், மறைக்க வேண்டாம்.

அந்த ‘பேக்’கை ஒரே ஒரு மாதத்துக்கு, எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு வாங்கிப் பாருங்கள். வாங்கிய அன்றே வகுப்பு சீரானால், அந்த ரசீதையும் மனுவோடு இணையுங்கள்.