மழை ரெண்டு சொட்டு, காத்து மட்டும் பேய்க்காத்து!

கேள்வி: போன அக்டோபர் கடைசில பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கால ரீனோ போயிருந்தோம். புயல் வருதுன்னு போன்ல வார்னிங் வந்துச்சு, ஆனா மழைன்னு பாத்தா வாசல் கூட சரியா நனையல, காத்துதான் குப்பைத்தொட்டிய நாலு வீடு தள்ளி உருட்டிட்டுப் போயிடுச்சு. இதுக்குப் பயந்து மாப்பிள்ளை மலை மேல இருக்கற டாஹோ ஏரி ட்ரிப்பையே கேன்சல் பண்ணிட்டார். அவ்ளோ பயப்படணுமா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: பொள்ளாச்சில இருந்துக்கிட்டு இத நீங்க கேக்கலாமாம்மா? ஜூன், ஜூலைல வால்பாறைல கொட்டு கொட்டுன்னு கொட்டும், கீழ உங்க ஊர்ல காத்துதான் பிச்சுக்கும், அதே கதைதான் அங்கயும். பசிபிக் கடல்லேர்ந்து வர்ற ஈரக்காத்து சியரா நெவாடா மலை மேல ஏறும்போதே குளுந்து மேற்குப் பக்கமே தண்ணிய இறக்கிடும், ரீனோ மலைக்கு அந்தப் பக்கம், மழை மறைவுப் பிரதேசம். வருஷம் பூரா சேத்தாலே சுமாரா 7 அங்குலம்தான் அங்க. 2021 அக்டோபர்ல வந்த புயல்ல மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கற சாக்ரமென்டோ ஊர்ல 24 மணி நேரத்துல மட்டும் 5.44 அங்குலம், 1880ல வெச்ச ரெக்கார்டே உடைஞ்சுது!

சரி காத்து ஏன்? ஏரி நிறைஞ்சு கலிங்குல தண்ணி தாண்டறத பாத்திருப்பீங்க, மேல மெதுவா வரும், தாண்டி கீழ இறங்கறப்ப ஒரு வேகம் எடுக்கும் பாருங்க, மலை முகட்டத் தாண்டற காத்தும் அப்படித்தான், அதுக்கு மேல ஒரு காத்து அடுக்கு மூடி மாதிரி அமுக்கிக்கிட்டு வேற இருக்கும். முகட்டுல மணிக்கு 100 மைலுக்கு மேல அடிக்கறதெல்லாம் அங்க சகஜம். அன்னிக்கு மலைப்பக்கம் இட்லி அடுக்கி வெச்ச மாதிரி மேகம் நகராம நின்னுருந்தா அதுதான் அடையாளம்.

மாப்பிள்ளை பண்ணது கரெக்ட். முதல்ல காத்து வரும், பின்னாடியே மழை, குளிர் வந்து சேந்ததும் மலை மேல அதே மழை பனியா மாறிடும், பனி டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவ் மாதிரி வண்டிங்க தவிர மத்ததெல்லாம் டயருக்கு சங்கிலி கட்டாம மேல விட மாட்டாங்க. ரீனோவுக்குத் தெக்கால வாஷோ பள்ளத்தாக்கு ரோட்டுல காத்து ஜாஸ்தியானா 9 அடிக்கு மேல உயரமான வண்டிக்கே தடை, லாரியவே கவுத்துடும்னு தெரிஞ்சுதான் நிறுத்தறாங்க. அடுத்த தடவை வார்னிங் வந்தா குப்பைத்தொட்டிய கராஜுக்குள்ள தள்ளிடுங்க.