அக்ரிலிக் விண்கல மாடலில் ஜன்னல் மட்டும் ஒளிர என்ன வழி?

லேசரில் வெட்டிய அக்ரிலிக் விண்கலத்துக்குள் எல்இடி வைத்தால், ஜன்னலைவிட ஓரங்கள்தான் அதிகம் பளபளக்கின்றன என்கிறீர்கள். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. தகட்டுக்குள் போன ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து பரப்பில் பட்டால் வெளியேறாது. முழு அக எதிரொளிப்பில் உள்ளேயே ஓடி, ஓரத்திலோ செதுக்கிய கோட்டிலோதான் எட்டிப்பார்க்கும். (எஞ்சின் பகுதிக்கு அது அழகுதான், விட்டுவிடலாம்.)

ஜன்னல் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, உட்புறம் முழுக்கக் கறுப்பு அடியுங்கள். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. கறுப்பு ஒளியை மறிக்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். வெட்டிய ஓரங்களுக்கும் கறுப்பு. ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி ஜன்னலில் வெண்படலமாகப் படியும்.

12 வோல்ட் அடாப்டர் என்றால் மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்து, 120 ஓம் மின்தடை போதும். ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் ஓடும்.